தெரியாத இயந்திரங்களின் சனிக்கிழமை

2024 ஜூலை 8, திங்கள்

மாவு பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க வழிந்திருந்தது. துடைத்து முடிப்பதற்குள் கல்லூரிப் பேருந்து போய்விட்டது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பி, சங்ககிரி பைபாஸ் பங்கில் பெட்ரோல் போட நின்றேன். "ஜீரோ பாத்துக்குங்" என்று தலையைத் தூக்காமல் ஒரு குரல். பார்த்தால் தங்கராசு. போன வருடம் எங்கள் பாலிடெக்னிக்கின் ஆட்டோமொபைல் துறையில் முதல் மதிப்பெண் வாங்கி, ஓசூரில் டீசல் பம்பு செய்யும் கம்பெனிக்கு வேலைக்குப் போனவன். மாலை போடாத குறையாக வழியனுப்பி வைத்தோம்.

இங்கே என்னடா செய்கிறாய் என்று கேட்டேன்.

"டீசல் லைனை மூடிட்டாங்க மேடம். வேற பிரிவுக்குப் போறதுன்னா ஒரு பரீட்சை எழுதோணும்னாங்க. நம்ம பசங்க அத்தனை பேரும் உக்காந்தோம். கேட்டது ஒண்ணுகூட நாம படிச்சதுல இல்லைங்க."

அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, பெட்ரோல் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதில் நான் செய்ய ஒன்றும் இல்லை. பாடத்திட்டம் போடுவது நானல்ல, கம்பெனி நடத்துவதும் நானல்ல. கல்லூரிக்கு வந்து வண்டியை நிறுத்தியபோதுதான் டேங்க் மூடியைப் பங்கிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

பிற்பகல் முதல்வர் அழைத்தார். அதே கம்பெனி நவம்பரில் மறுபடி ஆள் எடுக்க வருகிறதாம். இந்த முறை மின்சார வண்டிகளுக்கான மோட்டார் பிரிவுக்கு. தேர்வு எதிலிருந்து வரும் என்று இவர் கேட்டதற்கு, எதிலிருந்து வேண்டுமானாலும் வரும் என்றார்களாம். தாளாளரும் முடிவாகச் சொல்லிவிட்டார். இந்த ஆண்டு ஆட்டோமொபைல் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு எங்கள் துறைக்குச் சேர்க்கையே கிடையாது. இடம் கம்ப்யூட்டர் துறைக்குப் போய்விடும்.

"மின்சார வண்டிப் பாடமெல்லாம் நீங்க எடுத்துருவீங்களாம்மா?" என்று முதல்வர் கேட்டார். எடுத்துவிடுவேன் என்றேன். ஒரு துறைத் தலைவி வேறென்ன சொல்வாள்?

ஜூலை 10, புதன்

நாமக்கல்லிலிருந்து அண்ணன் போன். லாரி உதிரிபாகக் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். "இவங்க குடுக்கற சம்பளத்துக்கு எதுக்குப் பூங்கோதை தொண்டை கிழியக் கத்தறே? ஆவணி பொறந்ததும் வந்துரு" என்றார். நியாயமான பேச்சு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவும் அதிகம் இல்லை.

இரண்டு துணி காயவில்லை. மோட்டார் கன்ட்ரோலர் பற்றி ஒரு வீடியோ சும்மா பார்த்தேன்.

ஜூலை 13, சனி

எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் மின்சார மேளம் ஒன்று உண்டு. பட்டனைத் தட்டினால் மேளமும் மணியும் சேங்கலமும் சேர்ந்து அடிக்கும். கோயில் கமிட்டியில் என் வீட்டுக்காரர் இருப்பதால் இரவல் வாங்கி, மூன்றாம் ஆண்டு வகுப்பு மேசையில் வைத்தேன். 'இது எப்படி இயங்குகிறது, எழுதுங்கள்' என்று ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தேன்.

விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் பற்றி எழுதியிருக்கிறார்கள். படம் போட்டு, பாகம் குறித்து, பென்சிலால் நிழல் தீட்டி, தலைப்புக்குக் கீழே இரட்டைக் கோடு வேறு. கோயில் மேளத்துக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. கூப்பிட்டுக் கேட்டால், அந்தக் கேள்விக்குத்தான் மேடம் பதில் தெரியும் என்கிறார்கள். பேப்பரை வெறுமையாகக் கொடுக்கக் கூடாது, எதையாவது எழுதிப் பக்கத்தை நிரப்பு, மார்க்கு தானாக விழும். ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாரும் சேர்ந்து ஊட்டி வளர்த்த பாடம்.

சௌடேஸ்வரி மட்டும் வெறும் தாளைக் கொடுத்தாள். எடப்பாடிப் பக்கம் தறிக்காரர் வீட்டுப் பெண், வகுப்பில் வாயே திறக்காதவள். "தெரியலைங்க மேடம், மன்னிச்சுக்குங்க" என்று ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தாள். பத்துக்குப் பத்து போட்டேன். அவள் அழுதே விட்டாள். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

மின்துறை மூன்றாம் ஆண்டில் ஒழுக்கம் சரியில்லை என்று கேள்விப்பட்டேன். ஜெபஸ்டின் சார் மோட்டார் பாடம் எடுக்கும் நேரத்தில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து கவனித்தேன். நாகர்கோவில்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், வேகமாகப் பேசுகிறார். ஒழுக்கம் பரவாயில்லை. ஒரே நாளில் முடிவுக்கு வர முடியாது, நாளையும் போய்ப் பார்க்க வேண்டும்.

ஜூலை 20, சனி

கரும்பலகையை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் தெரிந்தது, மறுபக்கம் தெரியாதது. கண்ணால் பார்த்ததையும் கையால் தொட்டதையும் மட்டும் தெரிந்ததில் எழுத வேண்டும். தெரியாத ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை எப்படித் தெரிந்துகொள்வாய் என்று எழுத வேண்டும். யாரைக் கேட்பாய், எதைக் கழற்றுவாய், எதை அளப்பாய்.

தெரிந்தது பக்கம் ஒரு நிமிடத்தில் நிரம்பிவிட்டது. எல்லாம் புளுகு. அழித்தேன். தெரியாதது பக்கம் ஒருவரும் வரவில்லை. பூபதிராஜா எழுந்து, "தெரியாதுன்னு பலகையில எழுதறதுக்கா மேடம் எங்கூட்ல ஃபீஸ் கட்டறாங்க?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

ஒருவழியாக மேளத்தின் மூடியைத் திறந்தார்கள். யாரோ கம்பியைத் தொட, அது அடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. மாடியில் அலுவலகத்தில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். முதல்வர் ஓடி வந்தார். அடுத்த சனிக்கிழமை வீட்டுக் கிரைண்டரைக் கழற்றுவதாக இருக்கிறோம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு, விடுமுறை. ஆற்றுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஒரு மின்சாரச் சரக்கு ஆட்டோ நின்றிருந்தது. டிரைவரிடம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஆட்டோ வாங்கப் போகிறாயா என்று வீட்டுக்காரர் கேட்டார். கூடையில் வைத்திருந்த சித்திரான்னம் ஆறி, தேங்காய்ச் சாதம் ஊசிப்போய்விட்டது என்று மாமியாருக்குக் கோபம்.

ஆகஸ்ட் 14, புதன்

வினை. முதல் உள்தேர்வில் என் வகுப்பில் பாதிப் பேர் தோல்வி. தெரியாத கேள்விகளை எல்லாம் அப்படியே வெறுமையாக விட்டிருக்கிறார்கள். கேட்டால், "தெரியாததை நெரப்பக் கூடாதுன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க" என்கிறார்கள்.

பூபதிராஜாவின் அம்மா நேராக முதல்வர் அறைக்கே வந்துவிட்டார். முக்கிய வினாக்கள் கொடுக்காமல் கிரைண்டரையும் மேளத்தையும் கழற்றிக் காட்டும் டீச்சர் எதற்கு என்று கேட்டார். தாளாளருக்கும் செய்தி போயிருக்கிறது. சனிக்கிழமைக் கச்சேரியைக் கல்லூரி நேரத்தில் இனிமேல் நடத்தக் கூடாது என்று உத்தரவு.

பயமாக இருக்கிறது. அண்ணனுக்கு நாளை போன் செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 17, சனி

கல்லூரி நேரத்தில் கூடாது என்றுதானே சொன்னார்கள். நான்கு மணிக்குப் பேருந்துகள் போன பிறகு ஒர்க் ஷாப்பைத் திறந்தேன். இருக்க நினைப்பவர்கள் இருக்கலாம், மெயின் ரோடு வரை நடந்துபோய் டவுன் பஸ் பிடிக்க வேண்டியிருக்கும் என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். நாலைந்து பேர் தேறுவார்கள் என்று கணக்குப் போட்டு பிஸ்கட் வாங்கி வைத்திருந்தேன். வகுப்பு முழுக்க உட்கார்ந்திருந்தது. பூபதிராஜா முதல் வரிசையில். பிஸ்கட்டைப் பாதியாக உடைத்துக் கொடுத்தோம்.

'தெரியாது' என்பது பாதி விடைதான், எப்படிக் கண்டுபிடிப்பாய் என்பது மீதிப் பாதி, மீதியை எழுதாதவனுக்கு முட்டைதான் என்று சொன்னேன். தேர்வில் அந்தக் கேள்விக்குப் பாடத்தில் இருப்பதைப் படித்து எழுது, இயந்திரத்தின் முன்னால் மட்டும் பொய் சொல்லாதே என்றும் சொன்னேன். அவர்கள் இதைப் புரிந்துகொண்டார்களா என்பது அடுத்த உள்தேர்வில் தெரியும்.

அண்ணனுக்குப் போன் செய்ய மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, புதன்

மின்துறை வகுப்பில் ஜெபஸ்டின் சார் ஒரு கேள்வி போட்டார். "பேட்டரி முழுசா நெறைஞ்சிருக்கு. வண்டி எறக்கத்துல போகுது. அப்ப மோட்டார் உண்டாக்குற கரண்ட் எங்க போகும்? கடைசி பெஞ்சு மேடம் சொல்லட்டும்."

அத்தனை தலைகளும் திரும்பின. தெரியாது என்றேன்.

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு அவரே, "எனக்கும் முழுசாத் தெரியாது மேடம். ரெண்டு பேரும் பாத்துட்டு வருவோம்" என்றார்.

இன்று வெயில் அதிகம். தலைவலி. காபி மட்டும் குடித்தேன்.

ஆகஸ்ட் 31, சனி

இன்று ஒரு பழைய ஜெராக்ஸ் இயந்திரம். தெரியாதது பக்கத்தில் பலகை போதாமல் சுவரில் சாக்பீஸால் எழுதினார்கள். சௌடேஸ்வரிகூட எழுந்துபோய் எழுதினாள். பூபதிராஜா அவளோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான், யாருக்கு அதிகம் தெரியாது என்று. என்ன திடீர் ஞானோதயமோ, எனக்குக் காரணம் தெரியவில்லை. மின்துறைப் பிள்ளைகள் போய் ஏதோ சொன்னார்கள் என்று பேச்சு. கல்லூரியில் ஒரு ரகசியம் தங்காது.

கதவருகே பங்க் சட்டையோடு தங்கராசு நின்றான். என் டேங்க் மூடியைக் கொடுக்க வந்தானாம். அந்த ஓசூர் கம்பெனி போன வருடம் முடித்தவர்களையும் நவம்பரில் எழுத விடுமாம், ஆனால் மறுபடியும் அவமானப்பட வேண்டாம் என்று இருக்கிறானாம்.

"உள்ள வந்து உக்காரு. இங்க இருக்கற அத்தனை பேருக்கும் ஒண்ணும் தெரியாது. நீ ஒருத்தன் கூடினா ஒண்ணும் ஆயிராது" என்றேன். முதல் மதிப்பெண் வாங்கியவன் அல்லவா, அவனுக்குத்தான் எல்லாரையும்விடக் கஷ்டமாக இருந்தது. பலகையில் இரண்டு முறை புளுகினான். இரண்டு முறையும் பூபதிராஜா போய் அழித்தான்.

செப்டம்பர் 25, புதன்

இரண்டாம் உள்தேர்வு முடிவு. மூன்று பேர் தவிர எல்லாரும் தேர்ச்சி. முதல்வர் எதிரே வந்தார். முன்பு பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார், இன்று திருப்பிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஆடிப்பெருக்கு அன்று நான் பார்த்த ஆட்டோக்காரரைப் பிள்ளைகள் எப்படியோ கண்டுபிடித்துக் கூட்டி வந்துவிட்டார்கள். வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுத்து, அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். முழு சார்ஜோடு மலையிறங்கினால் முதல் கொஞ்ச தூரத்துக்குப் பிரேக் வேறு மாதிரி இருக்கும் என்று அவர் சொன்னதும், ஜெபஸ்டின் சாரும் நானும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோம். பேட்டரியில் இடமில்லை, அதனால் கன்ட்ரோலர் மோட்டாரின் பிடியைத் தளர்த்திவிடுகிறது, சுமை முழுக்கச் சாதாரண பிரேக்கின் தலையில் விழுகிறது. சரிதானா என்று பார்க்க மொத்த வகுப்பும் சங்ககிரி மலையடிவாரச் சரிவுக்கு அந்த ஆட்டோவிலேயே தவணை முறையில் போய் வந்தது. சரிதான்.

இந்த வயதில் புதிதாக ஒன்று புரிந்தால் இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

நவம்பர் 6, புதன்

தேர்வு நாள். சேலத்தில் ஒரு கல்லூரியில் ஏழெட்டுக் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சேர்த்து வைத்தார்கள். நாங்கள் ஆசிரியர்கள் வராந்தாவில், கம்பி போட்ட ஜன்னலுக்கு இந்தப் பக்கம்.

மேசையில் துணியை நீக்கினார்கள். முட்டைகளை எடை பார்த்துத் தரம் பிரிக்கும் இயந்திரம், கோழிப்பண்ணைகளில் இருப்பது. மோட்டார் வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் முட்டை இயந்திரத்தைக் கொண்டு வந்ததும் பக்கத்து ஆசிரியர்கள் எல்லாம் முணுமுணுத்தார்கள். ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று நின்றுவிடுகிறதாம். என்ன செய்வீர்கள், மூன்று பேர் கொண்ட குழுவாக எழுதுங்கள் என்பதுதான் கேள்வி.

பேனாக்கள் ஓட ஆரம்பித்தன. சிறிது நேரத்தில் மற்றக் கல்லூரிப் பிள்ளைகள் கூடுதல் தாள் கேட்டார்கள். கட்டுக் கட்டாகத் தாள் உள்ளே போனது. எங்கள் பிள்ளைகள் ஒருவரும் கேட்கவில்லை. எழுதவே இல்லை. இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கடையில் நான் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு காட்சி கண்ணுக்குள் வந்து போனது.

பிறகு சௌடேஸ்வரி எழுந்தாள். பூபதிராஜாவும் தங்கராசுவும் அவள் குழு. நேராக, இயந்திரத்தைக் கொண்டு வந்திருந்த பண்ணைக்காரரிடம் போய் ஏதோ கேட்டாள். பேசக் கூடாது, உட்கார் என்று கண்காணிப்பாளர் அதட்டினார். கம்பெனியிலிருந்து வந்திருந்த அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். என்ன கேட்டாய் என்று அவளிடம் விசாரித்தார். வகுப்பில் வாயே திறக்காத பெண் பேசினாள், ஜன்னல் வரை கேட்டது.

"இந்த மெஷினு எங்களுக்குத் தெரியாதுங்க. எப்ப நிக்குதுன்னு இவருகிட்டக் கேட்டாத்தான் எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியுமுங்க."

முட்டை ஏற்றினால்தான் நிற்கிறது, வெறுமையாக ஓட்டினால் ஓடுகிறது என்றார் பண்ணைக்காரர். அவர்கள் முட்டைகளை ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, மோட்டார் உறையில் கை வைத்துப் பார்த்தார்கள். மற்ற எங்கள் குழுக்களும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்து வரிசையில் நின்றன. இயந்திரத்தைக் கடைசிவரை யாரும் சரி செய்யவில்லை. சௌடேஸ்வரி குழு கொடுத்தது ஒன்றரைப் பக்கம். எதில் கோளாறு இல்லை என்பது கால் பக்கம், மீதியெல்லாம் தெரியாதவையும் அவற்றைக் கண்டுபிடிக்கும் வழியும்.

வேனில் திரும்பினோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தங்கராசு, "இந்தத் தடவ பொய் எழுதலைங்க மேடம்" என்றான். நல்லது, ஜன்னலைச் சாத்து, குளிர்கிறது என்றேன்.

நவம்பர் 12, செவ்வாய்

எடுத்துவிட்டார்கள்.

எடுத்துவிட்டார்கள்! வகுப்பில் முப்பத்தொரு பேரில் இருபத்து நான்கு பேர், அதற்கு மேல் தங்கராசு. மற்ற எல்லாக் கல்லூரிகளையும் சேர்த்தால்கூட அவ்வளவு இல்லை. கம்பெனி அம்மா முதல்வரிடம் போனில் சொன்னாராம், ஒரு கல்லூரிப் பையன் முட்டையின் குறுக்குவெட்டுத் தோற்றம் வரைந்து வெள்ளைக்கரு, மஞ்சள்கரு எல்லாம் பாகம் குறித்திருந்தானாம். "உங்க பிள்ளைங்களுக்கு என்ன தெரியும்னு நாங்க பாக்கலை சார். தெரியாதப்ப என்ன செய்யறாங்கன்னு பாத்தோம்" என்றாராம்.

முதல்வர் தாமே வந்து மைசூர்பாகு கொடுத்தார். சேர்க்கை தொடரும் என்று தாளாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பூபதிராஜாவின் அம்மா, சனிக்கிழமைக் கச்சேரியில் தன் இரண்டாவது பையனையும் சேர்க்க முடியுமா என்று கேட்டார். அவன் எட்டாம் வகுப்பு. ஜெபஸ்டின் சார் என்னைப் பார்த்து, "எங்க வகுப்புல ஒழுக்கம் சரியாயிட்டுதா மேடம்?" என்றார். எப்போதிலிருந்து அவருக்குத் தெரியுமோ.

அண்ணன் போனில் கோபமாக இருந்தார். ஆவணியும் போய் ஐப்பசியும் முடியப்போகிறது என்றார். வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். வேலை கிடைக்காத ஏழு பேருக்கு அடுத்த கம்பெனி ஜனவரியில் வருகிறது, நேரமில்லை.

2025 ஜூன் 16, திங்கள்

எல்லாரும் ஓசூரில் சேர்ந்துவிட்டார்கள். ஜனவரியில் எடுபட்ட ஏழு பேர் கோவையில். எங்கள் துறையில் முதலாண்டு இடங்கள் நிரம்பிவிட்டன. குக்கர் கைப்பிடி உடைந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 23, சனி

காலையில் முதல்வர் போன் செய்து, ஓசூர் கம்பெனி அந்த மோட்டார் லைனை மூடிவிட்டதாம் என்றார். வெளிநாட்டு ஆர்டர் ரத்தாம். சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சௌடேஸ்வரியை அழைத்தேன், எடுக்கவில்லை. பூபதிராஜா எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தும் மறுபடி மறுபடி அழைத்தேன். அவரைக்காய்ப் பொரியல் தீய்ந்துபோனது. பைபாஸ் பங்கில் அத்தனை பேரும் வரிசையாக நிற்பதுபோலவே தோன்றியது.

சாயங்காலம் தங்கராசு அழைத்தான்.

"மறுபடியும் லைனை மூடிட்டாங்க மேடம்."

எங்கே இருக்கிறாய், கிளம்பிவிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

"எங்கீங்க கெளம்பறது? ஆஸ்பத்திரிக்கு மூச்சு மெஷினு செய்யற பிரிவு புதுசா ஆரம்பிக்கறாங்க. அதுக்குப் பரீட்சை வெச்சாங்க. எங்கள்ல ஒருத்தருக்கும் அந்த மெஷினப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. "நம்ம ஆளுங்க இருபத்தஞ்சு பேரையும் எடுத்துட்டாங்க மேடம். திங்கக்கிழம பழைய ஆளுங்களுக்கெல்லாம் நான் வகுப்பெடுக்கோணுமாம். எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டாங்க. பலகைய ரெண்டாப் பிரிங்கன்னு சொல்லியிருக்கறேன்."

போனை வைத்துவிட்டு அடுக்களையில் நின்று அழுதேன். பொரியல் தீய்ந்ததற்கா இப்படி என்று மாமியார் கேட்டார். இல்லை, சந்தோஷத்தில் அழுகிறேன் என்றேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது, அத்தை, அவ்வளவு பெருமையாக இருக்கிறது.